கடைக்குப் போன அம்மா

வந்து இறங்கி இத்தனை நாளாகியும் அவள் பெட்டியைத் திறக்கவில்லை. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் அது நின்றுகொண்டிருந்தது. நடமாடும்போதெல்லாம் கால் கட்டைவிரல் அதன் சக்கரத்தில் போய் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் பெட்டியைத் திட்டினாளே தவிர, நகர்த்தவில்லை. பக்கத்து அறையில் குடியிருக்கும் நர்ஸக்கா, "அந்தப் பெட்டிக்கும் சேர்த்து வாடகை கேக்கப்போறேன் பாரு" என்று கிண்டல் செய்தாள். மாற்றி உடுத்த நாலு துணி இங்கேயே இருந்ததால் பிழைப்பு ஓடியது.

திரும்பி வருகிறவளை அந்த ஊர் மேளம் கொட்டி வரவேற்கவில்லை. போனின் சிம் அட்டை செத்துப்போயிருந்தது. குழாயைத் திறந்தால் முதலில் இருமிவிட்டுப் பிறகு துருநிறத்தில் தண்ணீர் விட்டது. போன வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஏறிப்போன பேருந்து இப்போது வேறு பாதையில் போனது. அது தெரியாமல் ஏறி உட்கார்ந்து, முன்பின் பார்க்காத தெருக்கள் வர ஆரம்பித்த பிறகுதான் விழித்துக்கொண்டு இறங்கி, வந்த வழியே நடந்தாள். முதல் தடவை வந்தபோது எல்லாமே புதுசு, தப்பு நடந்தாலும் வெட்கமில்லை. தெரிந்த இடத்தில் வந்து தடுமாறுவது இருக்கிறதே, அதுதான் ஆளைச் சுருக்கிப் போடுகிறது.

அவள் வேலை பார்ப்பது சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். வீட்டில் என்னென்னவோ மொழி பேசுகிற குழந்தைகள் அங்கே வந்து ஆங்கிலம் பழகுகின்றன. அவள் பதவிக்கு ஆங்கில உதவி ஆசிரியை என்று பெயர். அவள் கணவன் அந்த 'உதவி'யை மட்டும் லாகவமாக விழுங்கிவிட்டு, இங்கிலீஷ் டீச்சர் என்றுதான் ஊர் பூராவும் சொல்லி வைத்திருந்தான். உண்மையில் வேலை முழுக்க அந்த உதவியில்தான் இருந்தது. படம் போட்ட அட்டைகளை வெட்டுவது, அவற்றுக்கு பிளாஸ்டிக் உறை போடுவது, மூக்கைத் துடைப்பது, ஷூ நாடா கட்டிவிடுவது, சிந்திய பெயிண்டின் மேல் யாரும் வழுக்கி விழுவதற்குள் துணியைப் போடுவது. நடுநடுவே, முழங்கால் மோவாயில் இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளைகளை வட்டமாக வைத்துக்கொண்டு, பூனை, பந்து, குடை என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லவைப்பது. அந்த நேரத்துக்காகத்தான் அவள் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். அதில் அவள் கெட்டிக்காரி. வாயே திறக்காத பிள்ளையும் அவளிடம் ஒரு வாரத்தில் முணுமுணுக்கும்.

வகுப்பு டீச்சர் நெட்டையான பெண்மணி. கத்தரிக்கோல்களைக்கூட எண்ணிப் பூட்டுகிற ரகம். விடுமுறை எப்படி இருந்தது என்று கேட்டாள், பதில் வருவதற்குள் புது கால அட்டவணையைக் கையில் கொடுத்தாள். இவள் உட்காரும் மூலையில் ஒரு பீரோவைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். தேநீர்க் கோப்பையை யாரோ தூரிகை கழுவ எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே வாய் தவறி, "உக்காருங்க கண்ணுங்களா" என்று தமிழில் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

அவளுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வேறு. மகள் போனுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

மகளுக்கு வீட்டில் பூசணி என்று பெயர். பிறந்தபோது இருந்த உருண்டையைப் பார்த்து அத்தைக்காரி வைத்தது. உருண்டை கரைந்து கையும் காலுமாக நீண்ட பிறகும் பெயர் போகவில்லை. போன வருஷம் அவள் முதல் முறை கிளம்பியபோது பூசணிக்குப் பேச்சு திருந்தாத வயசு. தூங்குகிற குழந்தையை முத்தமிட்டுவிட்டு வந்துவிட்டாள். அம்மா எங்கே என்று கேட்டால் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தார்கள், வருஷமும் ஓடிவிட்டது. விடுமுறைக்குப் போனபோது பூசணி முதலில் கொஞ்சம் முறைத்தாள். பிறகு வந்து ஒட்டிக்கொண்டாள் பாருங்கள், அப்படியொரு ஒட்டல். குளிக்கப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பாள்.

இரண்டாம் முறை கிளம்பும் நாள் நெருங்கியதும் வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பெரியவர்கள் என்றால் மூன்றே பேர்: அவள், கணவன், கணவனின் அக்கா. அந்த நாத்தனார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள், நல்ல மனசுக்காரி, குழந்தைமேல் உயிரையே வைத்திருக்கிறவள். யோசனையும் அவளுடையதுதான்.

"சொல்லிட்டுப் போனா ஊரையே கூட்டிடுவா. நீயும் அழுவ, அவளும் அழுவா. நான் மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். நீ சத்தமில்லாம கிளம்பிடும்மா."

பிள்ளை இருக்கிற எந்த வீட்டில்தான் இந்த வித்தையைச் செய்வதில்லை? வேலைக்குப் போகிற அப்பா பின்வாசல் வழியாகப் போவதும், "அங்க பார் காக்கா" என்று கையை நீட்டுகிற நேரத்தில் சித்தி ஆட்டோவில் ஏறுவதும் நடக்காத வீடு உண்டா? அவளும் சரியென்று தலையாட்டினாள். ஒளிப்பானேன், அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டு விமானம் ஏறும் தைரியம் அவளுக்கு இல்லை.

மாடி வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது. அத்தை பூசணியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். "அம்மா, நீயும் வா" என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. "இதோ வரேன்" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டிலிருந்து திருடி மாதிரி வெளியேறினாள். காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் செருப்பைப் போட்டாள். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார், அவரும் பிள்ளை பெற்றவர்போல.

இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே விளக்கு வைக்கிற நேரம். காகிதக் கட்டுகளும் பசை டப்பாக்களும் அடுக்கியிருக்கும் சாமான் அறையில் நின்றுகொண்டு தினமும் வீடியோவில் கூப்பிட்டாள். தினமும் தெரிந்தது பூசணியின் முதுகுதான். கணவன், "அம்மா பாரு, அம்மா பாரு" என்று போனை முகத்துக்கு நேரே நீட்டுவான். முகம் அந்தப் பக்கம் திரும்பும். அவன் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் முகம் இந்தப் பக்கம் வரும். கோபமாக்கும் என்று அவன் சிரித்தான். கடையில் கூட்டமாம், அம்மா வரிசையில் நிற்கிறாளாம் என்று பொய்க்கு வால் முளைக்கவும் வைத்தான். பூசணி அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்டாள், "கடை அவ்ளோ தூரமா?"

"உன் பொண்ணு கேக்கற கேள்வியைப் பார்த்தியா" என்றான் அவன். அவளும் சிரித்து வைத்தாள். போனை வைத்த பிறகு எதற்காக அந்த அறைக்கு வந்தோம் என்பதே மறந்து, ஸ்டேப்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நாட்கள் போகப் போக அவன் சிரிப்பது குறைந்தது. பூசணி இப்போது யாரையும் வாசற்படி தாண்ட விடுவதில்லையாம். அத்தை குளிக்கப் போனால் கதவை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறாளாம். பகலில் தூங்குவதையே விட்டுவிட்டாளாம். இதையெல்லாம் அவன் மென்று விழுங்கிச் சொன்னான். எல்லாம் நாளானால் சரியாகிவிடும் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டான்.

நர்ஸக்காவும் அதையேதான் சொன்னாள். அவளும் ஒரு காலத்தில் மகனைத் தூங்கவைத்துவிட்டு வந்தவள்தான். "புள்ளைங்க மறந்துடும். என் பையன் மறக்கலையா? இப்ப ஆளு தோளுக்கு மேல வளர்ந்துட்டான். நானா கூப்பிட்டாத்தான் பேச்சு, அதுவும் ஆமா இல்லைன்னு ரெண்டு வார்த்தை." தேறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே கொஞ்சம் திகைத்தாற்போல எழுந்து போய் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

இது இப்படியிருக்க, வகுப்பில் ஒரு புதுப் பெண்குழந்தை சேர்ந்தது. அப்பா மட்டும்தான் கொண்டுவந்து விடுவார். குழந்தை அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டால் பிய்த்துத்தான் எடுக்கவேண்டும். அவள் மனசுக்குள் அதற்கு ஒட்டுப்புல் என்று பெயர் வைத்தாள். புல் காட்டில் நடந்து வந்தால் துணியில் ஒட்டிக்கொண்டு வருமே, அதேதான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் வாசலில் மண்டியிட்டு, அதன் கண்ணைப் பார்த்து, நான் போகிறேன், இன்ன நேரத்தில் வருவேன் என்று சொல்லவேண்டும். அழுதாலும் சரி, தரையில் புரண்டாலும் சரி, சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். நைஸாக நழுவக்கூடாது. வகுப்பு டீச்சர் இதில் கறார். ஒட்டுப்புல்லின் அப்பா ஒவ்வொரு நாளும் வேர்வை வழிய மண்டியிட்டுச் சொல்லுவார், குழந்தை கூரை பிய்ந்துபோக அழும், வகுப்பு டீச்சர் பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். இதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பொம்மையைக் காட்டினால் முடிகிற காரியத்துக்குப் பிள்ளையை இப்படி அலறவிடுவார்களா? ஈரமில்லாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் வகுப்பு டீச்சருக்கு ஆபீஸ் அறையில் ஏதோ கூட்டம். வாசலைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒட்டுப்புல்லும் அப்பாவும் தாமதமாக வந்தார்கள். அவர் பேருந்தைப் பிடிக்கவேண்டும், பார்வை கடிகாரத்துக்கும் குழந்தைக்கும் நடுவே அல்லாடியது. குழந்தை விசும்பத் தொடங்கியிருந்தது. அவளுக்குப் பாவமாகிவிட்டது. அவரிடம் கண்ணைக் காட்டினாள். பிளாஸ்டிக் மிருகங்கள் இருக்கும் பெட்டியைக் கலகலவென்று ஆட்டினாள். "யாரு வந்திருக்கா பாரு, யானை வந்திருக்கு" என்று ஆங்கிலத்தில் பாட்டாகப் பாடிக்கொண்டே குழந்தையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, போங்க போங்க என்று சைகை செய்தாள். அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு நுனிக்காலில் நடந்து போய்விட்டார்.

கச்சிதமாக முடிந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. குழந்தை யானையை ஒட்டகத்தின்மேல் ஏற்றிச் சிரிக்கக்கூடச் செய்தது. இத்தனை நாள் இந்தக் கூட்டத்துக்குத் தெரியாததை நாம் செய்து காட்டிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு பெருமை.

பிறகு குழந்தை யானையைக் காட்டத் திரும்பியது. வாசலில் ஆள் இல்லை.

அழும் என்று எதிர்பார்த்துக் கைகளை நீட்டினாள். அது அழவில்லை. யானையைக் கையில் பிடித்தபடியே தேட ஆரம்பித்தது. முதலில் கதவுக்குப் பின்னால். பிறகு பைகள் மாட்டும் இடத்தில் ஒவ்வொரு கோட்டையும் விலக்கிப் பார்த்தது. மேஜைக்குக் கீழே குனிந்தது. திரைச்சீலையைத் தூக்கியது. குட்டிக் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. கடைசியில் செருப்பு அடுக்கும் தட்டுக்கு முன்னால் நின்று, கை மட்டுமே நுழையும் அந்தச் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. அவ்வளவு பெரிய அப்பா அதற்குள் எப்படி இருப்பார் என்றெல்லாம் அது யோசிக்கவில்லை. இங்கேதான் இருந்தார், அதனால் இங்கேதான் எங்காவது இருக்கவேண்டும்.

அவள் ஒவ்வொரு இடத்துக்கும் அதன் பின்னாலேயே போனாள். பிள்ளையை ஏமாற்றிவிட்டுக் கிளம்புவது அவளுக்குத் தெரியும், கிளம்புகிறவர்களை அனுப்பிவைப்பதும் தெரியும். அதற்குப் பிறகு அந்த அறையில் என்ன நடக்கும் என்பதை அவள் ஆயுசில் பார்த்ததில்லை. கிளம்பியவள் எப்படிப் பார்க்கமுடியும்?

தேடி முடித்த ஒட்டுப்புல் கதவின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டது. தூக்க வந்த அவள் கையைத் தட்டிவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவிடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஈரமாக்கிக்கொண்டது. உடுப்பு மாற்றும்போதும் கண் கதவைவிட்டு அகலவில்லை.

கூட்டம் முடிந்து வந்த வகுப்பு டீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்ததுமே புரிந்துகொண்டாள். சத்தம் போடவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான் செய்வோம், பிள்ளை அழாமல் இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று அவள் ஆங்கிலத்தில் தடுமாறினாள். நாளெல்லாம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற மொழி அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. வகுப்பு டீச்சர் இனி வாசலில் அவள் நிற்கவேண்டாம் என்றாள். நடந்ததை அப்பாவிடம் அவளே சொல்லவேண்டும் என்றும் சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கத்தரிக்கோல்களை எண்ணப் போய்விட்டாள்.

மதியம் அப்பா வந்தார். வேலையில் கையே ஓடவில்லை என்று அவர்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்தார். காலையில் கதவோடு கிடந்த குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒட்டுப்புல் எழுந்து நின்றது. அப்பாவை ஒரு தரம் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டியது. அவர் சுற்றி வந்து முன்னால் மண்டியிட்டார், அது மறுபடி திரும்பிக்கொண்டது. மன்னிப்புக் கேட்க வந்த அவள், தப்பு என்னுடையது என்று அவரிடம் சொல்லும்போதும் குழந்தையைத்தான் பார்த்தாள். அந்த முதுகை அவள் தினமும் போனில் பார்க்கிறாள். கோபம் என்று நினைத்து இத்தனை நாள் சிரித்தாளே, அது கோபமே இல்லை. பார்த்தால் மறுபடி காணாமல் போய்விடுவாயே, அதற்கு நான் பார்க்காமலே இருந்துகொள்கிறேன் என்று ஒரு பிள்ளை செய்துகொண்ட ஏற்பாடு.

அவள் சாமான் அறைக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டாள். அன்றைக்குக் கணவன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. நாத்தனார் எடுத்தாள். பூசணி மாடியில் விளையாடுகிறாளாம், ஆனால் படிக்கட்டில் அத்தை உட்கார்ந்திருக்கவேண்டுமாம், அதனால் படிக்கட்டிலிருந்துதான் பேசுகிறாளாம். அவள் நலம் விசாரிக்கவில்லை. நேரே கேட்டாள்.

"அண்ணி, நான் கிளம்பினப்புறம் அவ என்ன பண்ணா?"

"என்ன பண்ணுவா? விளையாடினா."

"அண்ணி."

பிறகு நாத்தனார் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது. பூனைக்குட்டி ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மாவிடம் காட்டவேண்டும் என்று இறங்கி வந்தாளாம். சமையலறையில் பார்த்தாளாம். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாளாம். பீரோவைத் திறக்கச்சொல்லி, தொங்குகிற புடவைகளைத் தள்ளிப் பார்த்தாளாம்.

"தண்ணித் தொட்டி மூடியைத் தூக்கி உள்ள எட்டிப் பாத்தாம்மா. எனக்கு உசுரே போயிடுச்சு. உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஏற்கெனவே நீ அங்க தனியா கெடக்குற."

அவள் பசை டப்பாக்களின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இதோ வரேன் என்று சொன்ன தன் குரல் தன் காதிலேயே கேட்டது. கடவுளே, வருகிறேன் என்றல்லவா சொன்னோம், அதை நம்பித்தானே பிள்ளை தேடியிருக்கிறது என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. அழுதாள். வெளியே பிள்ளைகள் வரிசையாகப் போகும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் ஷூ நாடாக்களைக் கட்டிவிட்டாள்.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியதும் கணவனிடம் சொன்னாள்: குழந்தையிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன், எப்போது வருவேன் எல்லாவற்றையும். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறாள், கிளறிவிடாதே என்றான். அழுதால் யார் சமாளிப்பது, நீயா வந்து தூக்கப்போகிறாய் என்றான். அவன் சொன்னது நிஜம். இங்கிருந்து அவளால் ஒரு கன்னத்தைக்கூடத் துடைத்துவிட முடியாது. கடை என்கிற பொய்யாவது அந்தப் பிள்ளை கையில் பிடித்துக்கொள்ள ஒன்றாக இருந்தது. அதையும் பிடுங்கிவிட்டால் ஒருவேளை பிள்ளை மனசு ஒரேயடியாக விட்டுப்போய்விடுமோ? நர்ஸக்காவின் மகனுடைய இரண்டு வார்த்தை ஞாபகம் வந்து பயம் காட்டியது. ஆனாலும் பிடிவாதமாக நின்றாள்.

"அழட்டுங்க. அழுதுட்டாப் போகுது. அவ தேடிக்கிட்டே இருக்கா, உங்களுக்குப் புரியுதா? இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கா."

அவன் பெருமூச்சு விட்டான். சரி, ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் பக்கத்தில் இருக்கும்போது பேசு என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் கழுவி, தலை வாரி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பெண் பார்க்க வருகிறார்களா என்று நர்ஸக்கா கேட்டாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். போனில் முதலில் கணவன் தெரிந்தான், அப்புறம் சுவர், அப்புறம் பழகிப்போன அந்த முதுகு. பின்னல் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது.

"திருப்பாதீங்க. அவ அப்படியே இருக்கட்டும்" என்றாள் கணவனிடம். பிறகு முதுகோடு பேசினாள்.

"பூசணி, அம்மா கடைக்குப் போகலை. நான் வேற ஊர்ல இருக்கேன். ரொம்ப தூரம், ப்ளேன்ல வரணும். இங்க ஒரு ஸ்கூல்ல எனக்கு வேலை. அன்னிக்கு நீ மாடியில இருந்தப்ப, உன்கிட்ட சொல்லாம வந்துட்டேன். இதோ வரேன்னு சொன்னேன்ல, அது பொய்."

முதுகு அசையவில்லை.

"நீ அழுவேன்னு பயந்துட்டேன். அதான் சொல்லலை. தப்பு என்மேலதான். நீ வீடு பூரா தேடினேன்னு அத்தை சொன்னாங்க. இனிமே தேடாதே கண்ணு. அம்மா வீட்ல இல்ல. எங்கயும் ஒளிஞ்சுக்கலை."

அவிழ்ந்த பின்னல் மெல்லத் திரும்பியது. முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை, பார்த்தால் தாங்காது. கன்னம் வற்றியிருந்தது. பூசணி அவளைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற பொருளைப் பார்க்கிற மாதிரி, எட்டவும் இல்லாமல் கிட்டவும் இல்லாமல்.

"அங்க வேற பாப்பா இருக்கா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவள் நினைக்கவேயில்லை. இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படிச் சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம்.

"இருக்காங்க. நிறைய பேர். அவங்களுக்குப் பேசச் சொல்லிக்குடுப்பேன். சாயங்காலம் ஆனா அவங்க அவங்க வீட்டுக்குப் போயிடுவாங்க."

"நீ?"

"நான் இங்க ஒரு ரூமுக்குப் போயிடுவேன்."

"எப்ப வருவ?"

"அடுத்த பெரிய லீவுக்கு. நிறைய நாள் ஆகும் கண்ணு. நாளைக்கு இல்ல. அதுக்கு அடுத்த நாளும் இல்ல."

பூசணியின் உதடு பிதுங்கியது. அப்புறம் அழுதாள். இத்தனை நாள் சிந்தாமல் வைத்திருந்த அழுகை முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. இருமல் வந்தது, மூக்கு ஒழுகியது, வார்த்தை கிடைக்காமல் கையால் போனை அடித்தாள். கணவன் பதறிப்போய்ப் போனை இழுத்தான். திரையில் கூரை ஆடியது. "போதும்டா, நிறுத்து" என்று நாத்தனாரின் குரல் கேட்டது, சொன்னது தம்பியிடமா குழந்தையிடமா தெரியவில்லை.

"எடுக்காதீங்க. போனை அவகிட்டயே குடுங்க" என்று அவள் கத்தினாள். "அம்மா போகலை பூசணி. இங்கதான் இருக்கேன். நீ அழு. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மடியில் வைக்கவேண்டிய பிள்ளை உள்ளங்கை அளவு திரைக்குள் அழுவதைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தூக்காத பாவத்துக்கு வேறு தண்டனை வேண்டியதில்லை, இதுவே போதும் என்றிருந்தது. தன் அழுகையை மட்டும் பல்லைக் கடித்து அடக்கினாள். அழவேண்டியது அங்கே இருக்கிறவள், இவள் போட்டிக்கு வரக்கூடாது.

அழுகை தேய்ந்து விக்கலாகி, விக்கல் தேய்ந்து மூச்சானது. அத்தை புடவைத் தலைப்பால் பூசணியின் மூக்கைத் துடைத்துவிட்டாள். பூசணி அந்தக் கையைத் தள்ளிவிட்டு, போனை இரண்டு கைகளாலும் வாங்கி, தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். திரை முழுக்க ஈரமான முகமும் சிவந்த மூக்கும்.

சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா என்று அவள் கேட்டாள். பின்னலை யார் போட்டது என்று கேட்டாள். பூசணி அவிழ்ந்த பின்னலின் நுனியை வாயில் வைத்துக் கடித்தாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரமாகிவிட்டது, கணவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்து நின்றான். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், குழந்தை சாப்பிடட்டும் என்றான். அவளும் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும்.

"பூசணி, அம்மா இப்ப போனை வைக்கப்போறேன். நாளைக்கு..."

"நீ வைக்காத" என்றாள் பூசணி.

"சரி. வைக்கலை."

"நான்தான் வைப்பேன்."

"சரி, நீயே வை."

பூசணி உடனே வைக்கவில்லை. எந்தப் பொத்தான் என்று அத்தையிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவை நேராகப் பார்த்தாள். அந்த முகத்தில் பழிவாங்கலும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"அங்கயே இரு. நான் போறேன். நீ பாத்துட்டே இரு" என்றாள்.

சின்ன விரல் திரையை நோக்கி வந்து, பெரிதாகி, பூசணியின் முகத்தை மறைத்தது. திரை இருண்டது. மகள் சொன்னபடியே அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.